அடுத்த வருஷம் தெருயோ

உவா என்ற எங்கள் ஊரின் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு நாகாயே தெருயோவின் பின்னந்தலை நன்றாகத் தெரியும். காதளவு கத்தரித்த நரைமுடி, ஓட்டுநர் தொப்பி, வெள்ளைக் கையுறை. வளைவு வருவதற்கு முன் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்கும். "வண்டி ஆடும், கம்பியைப் பிடிச்சுக்குங்க."

பேஸ்பால் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கும் அதே பின்னந்தலைதான் பழக்கம். வலதுபக்கப் படிவரிசையின் கீழ்ப்படியில், கம்பி வேலியை ஒட்டி நின்று அவர் ட்ரம்பெட் ஊதுவார். அங்கே தொப்பி இருக்காது, கையுறை இருக்கும். இடது கையில் தலைவரின் வெள்ளைப் பட்டை கட்டியிருப்பார். எங்கள் ஊர் அணியான உஷியோவின் ஆதரவுக் குழுவுக்கு அவர்தான் பல வருடங்களாகத் தலைவி.

ஊரில் அவருக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயர். அணி தோற்ற மறுநாள் காலையில் பேருந்தில் ஏறுகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"என்ன தெருயோ-சான், நேத்தும் போச்சாமே?"

"போச்சு. ஆனா அந்த ஷார்ட்ஸ்டாப் பையன் குனிஞ்ச மேனிக்கே எறியக் கத்துக்கிட்டான், பாத்தீங்களா? அடுத்த வருஷம் அவனைத் தாண்டி ஒரு பந்து போகாது."

"அடுத்த வருஷம் இருக்கட்டும் தாயே. இன்னிக்கு மீன் சந்தை மூடுறதுக்குள்ள எங்களைக் கொண்டு போய்ச் சேத்துடு."

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்து, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டு வண்டியை எடுப்பார்.

உஷியோ சின்ன லீகில் ஆடும் சின்ன அணி. பெரிய அணிகள் தேர்ந்தெடுக்காமல் விட்ட பையன்கள் ஜப்பானின் நாலு மூலையிலிருந்தும் இங்கே வருவார்கள். சம்பளம் வாடகைக்கே பத்தாது. குளிர்காலத்தில் மலைச்சரிவில் ஆரஞ்சு பறிக்கப் போவார்கள். இரண்டு வருடம், மூன்று வருடம். யாராவது பெரிய ஆள் வந்து பார்த்துக் கூட்டிக்கொண்டு போனால் உண்டு. இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் தெருயோ-சான் ஒரு பாட்டு கட்டுவார். எங்கள் பக்கம் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் தனிப் பாட்டு உண்டு. அவன் மட்டையோடு நடந்து வரும்போது ட்ரம்பெட் அதைத் தொடங்க வேண்டும், மேளம் சேர்ந்துகொள்ள வேண்டும், படிவரிசை பாட வேண்டும். பெரிய ஊர்களில் ஆட்டக்காரன் பேர் வாங்கிய பிறகுதான் பாட்டு கிடைக்கும். இங்கே முதல் நாளே கிடைத்துவிடும். பேருந்துப் பாதையின் கடைசி நிறுத்தம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீனவக் குப்பம். வண்டி திரும்புவதற்கு முன் கிடைக்கும் இடைவேளையில் அவர் அங்கே அலைதடுப்புச் சுவரில் ஏறி நின்று கடலைப் பார்த்து ஊதிப் பழகுவார். புது மெட்டு கேட்டால் வலை தைத்துக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்த்தாமலே சொல்வார்கள்: "புதுப் பையன் வந்திருக்கான் போலிருக்கு."

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூட இசைக்குழுவில் இருந்தபோது மைதானத்தில் ஊதத் தொடங்கியவர். கணவர் கோபே நகரத்துக்கு வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

போன கோடையில் உஷியோ தோற்றுக்கொண்டே இருந்தது. மழை பெய்து ஆட்டம் நின்றால் அன்றைக்கு நல்ல நாள் என்ற அளவுக்குத் தோல்வி. பந்தெறிய இருந்த ஒரே நல்ல பிட்சரையும் நடுப்பருவத்தில் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை நாங்கள் அந்த அணியின் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதற்கடுத்த வாரம் நகரச் செய்தித்தாளில் அணியை நடத்தும் கம்பெனியின் தலைவர் ஒரு பேட்டி கொடுத்தார். "தோற்றாலும் நம் ரசிகர்களின் சத்தம் குறையவில்லை. அதுவே எங்கள் வெற்றி" என்று சொல்லியிருந்தார்.

அந்த வரியைத்தான் குனிஹிரோ-சானால் தாங்க முடியவில்லை. அவர் எங்கள் குழுவின் மேளக்காரர். கடைத்தெருவில் மீனை முள்ளோடு அரைத்து வடை பொரித்து விற்கிறவர். தெருயோ-சானை விட மூத்தவர். இருவரும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றே இத்தனை வருடத்தையும் கழித்தவர்கள். அவர் அந்த வரியைக் கத்தரித்து எண்ணெய்ச் சட்டிக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தார். ஒரு சனிக்கிழமை மதியம் குழுவைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"நாம சத்தம் போடுறவரைக்கும் அவங்களுக்கு வலிக்காது," என்றார். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "நல்லவனை வித்துட்டாங்க, நாம ஊதினோம். மேனேஜர் தூங்குறாரு, நாம ஊதினோம். நாளைக்கு மைதானத்தை இடிச்சாலும் நாம ஊதிக்கிட்டுத்தான் இருப்போம்னு நெனைக்கிறாங்க. நாளைக்கு ஆட்டத்துல வாத்தியம் வேண்டாம். பாட்டு வேண்டாம். கை தட்டக்கூட வேண்டாம். ஒரு ஆட்டம் முழுக்க அந்த அமைதியைக் கேக்கட்டும்."

அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. குழுவில் நான் கொடி பிடிக்கிறவள். பேசுவது என் வழக்கமில்லை.

தெருயோ-சான் கையிலிருந்த வடையைக் கடிக்காமல் வைத்திருந்தார். "தலைவருக்குச் சொல்ல வேண்டியதைத் தலைவர்கிட்டச் சொல்லலாமே. ஆடுற பசங்க என்ன செஞ்சாங்க?"

"தோத்தாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். தெருயோ-சான் சிரிக்கவில்லை. "நாளைக்கு இசோகாமி ஆடுறான். ரொம்ப நாள் கழிச்சு முதல்லேருந்தே இறக்குறாங்க."

இசோகாமி வடக்கே ஆப்பிள் தோட்ட ஊரிலிருந்து வந்தவன். உஷியோவில் அவனுக்கு மூன்றாவது வருடம். இந்த லீகில் அவன் வயதில் ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பருவத்தில் அவன் மட்டையில் பந்து சரியாகப் பட்டதே அபூர்வம். இன்னும் ஓரிரு ஆட்டத்தில் ஏதாவது செய்யாவிட்டால் இலையுதிர் காலம் வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தெருயோ-சான் மட்டும் அவன் தோள் இறங்கிவிட்டது, மட்டை இப்போது நேராக வருகிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று பயணிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவனுக்காக எல்லாரும் எதையும் கேக்காம தோத்துக்கிட்டே இருக்கணுமா?" என்றார் குனிஹிரோ-சான். "நாகாயே, உனக்கு இவங்க எது செஞ்சாலும் அடுத்த வருஷம் சரியாயிடும். அதனாலதான் இந்த வருஷம் இப்படி இருக்கு."

தெருயோ-சான் வாய் திறந்தார், சொல்ல வந்தது வரவில்லை. பேருந்து ஒலிபெருக்கியில் தவிர அவருக்குக் கோவையாகப் பேச வராது. கை தூக்கச் சொன்னார்கள். அவரைத் தவிர எல்லார் கையும் மேலே போனது, என் கையும்.

"சரி," என்றார் அவர். "எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. நான் சொல்றேன், படியில நின்னு." குழுத் தலைவி சொன்னால்தான் அது குழுவின் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கண்ணைக் குத்தியது. படிகளின் சிமெண்டு சுட்டது. தெருயோ-சான் ட்ரம்பெட் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். திறக்கவில்லை, காலடியில் வைத்துக்கொண்டார். குனிஹிரோ-சான் மேளத்தின் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் தெருயோ-சான் மக்கள் பக்கம் திரும்பி நின்று குனிந்து வணங்கினார்.

"இன்னிக்கு எங்க குழு வாசிக்காது. அணியை நடத்துறவங்க எங்க மனசைத் தெரிஞ்சுக்கணும்னு இந்த முடிவு. நீங்களும் அமைதியா இருந்தா நன்றி."

முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஐஸ் விற்பவர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போதுதான் நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. எதிரணியின் ஆதரவுக் குழு மலை தாண்டி வாடகை வண்டியில் வந்திருந்தது. நாலைந்து பேர், ஒரு மேளம், ஒரு ட்ரம்பெட். ஆட்டத்துக்கு முன் வெளியூர்க்காரர்கள் எப்போதும் எங்கள் அணியின் பேரைச் சொல்லி வாழ்த்துவார்கள். பதிலுக்கு நாங்கள் அவர்கள் அணியை வாழ்த்துவோம். அதன் பிறகுதான் சண்டை. அவர்களும் வழக்கம்போல எழுந்து நின்றார்கள்.

"உ-ஷி-யோ! உ-ஷி-யோ!" மேளம் மூன்று முறை முழங்கியது. வாழ்த்தி முடித்துவிட்டு நின்றார்கள். அவர்கள் தலைவர் காதருகே கையை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தபடி காத்திருந்தார்.

எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

கடைக் கூட்டத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. குனிஹிரோ-சானின் கழுத்து சிவந்தது. "அடடா," என்றார் பல்லுக்குள். "இவங்க என்ன பண்ணாங்க பாவம்."

"வாசிச்சிடலாமா?" என்று தெருயோ-சான் கேட்டார். "இது ஒண்ணு மட்டும்."

குனிஹிரோ-சான் மேளத்தின் மேலிருந்த துண்டின் நுனியைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். அணியின் தலைவர் உட்காரும் கண்ணாடி அறை எங்களுக்கு நேர் எதிரே தெரிந்தது. "ஒண்ணு வாசிச்சா அவ்வளவுதான். 'பாத்தீங்களா, முடியலை இவங்களால'ன்னு சிரிப்பாங்க."

தெருயோ-சான் வேலியோரம் போய் எதிர்ப்பக்கம் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அங்கே அவர்கள் தலைவர் காதருகே இருந்த கையை இறக்கிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி மட்டை பிடிக்கும்போது அவர்களுடைய ஒற்றை ட்ரம்பெட் மைதானம் முழுக்கக் கேட்டது. எங்கள் அணி மட்டை பிடிக்கும்போது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் அதுவரை கேட்டிராததெல்லாம் கேட்டது. பந்து கையுறையில் அறைந்து விழும் ஓசை. மேனேஜர் தொண்டையைச் செருமுவது. பெஞ்சில் ஒருவன் இன்னொருவனிடம், "என்னடா ஆச்சு இவங்களுக்கு? செத்துட்டாங்களா?" என்று கேட்பது. எங்கள் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அவுட் ஆனார்கள்.

இரண்டாவது இன்னிங்ஸில் இசோகாமி வந்தான்.

அவனுடைய பாட்டை தெருயோ-சான் தீவுக்குப் போகும் கப்பலின் சங்கொலியிலிருந்து எடுத்திருந்தார். முதலில் நீளமாக ஒரு சங்கு, நிறுத்தம், மறுபடி நீளமாக ஒன்று. அதற்குப் பிறகுதான் மெட்டு. மூன்று வருடமாக அவன் மட்டை பிடிக்கிற கட்டத்தின் கோட்டுக்கு வெளியே நிற்பான். முதல் சங்குக்குத் தலைக்கவசத்தை அழுத்துவான். இரண்டாவது சங்குக்கு இடது காலை உள்ளே வைப்பான்.

அன்றைக்கும் அவன் கோட்டுக்கு வெளியே நின்றான். கை தலைக்கவசத்துக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் தொங்கியது. நடுவர் உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார். அவன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

எதிரணி பெஞ்சிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "என்னப்பா, பஸ் இன்னும் வரலையா?"

நடுவர் இரண்டாவது முறையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பந்தை எறியச் சொல்லி பிட்சருக்குக் கைகாட்டினார். இசோகாமியின் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போதே பந்து நடுவாகப் போனது. ஸ்ட்ரைக். அடுத்த இரண்டுக்கும் அவன் காற்றை அடித்து அவுட் ஆனான்.

தெருயோ-சானின் பாதம் பெட்டியின் மேல் இருந்தது. அவர் அதை அழுத்திக்கொண்டிருந்தார், அது தானாகத் திறந்துவிடும் என்பது போல.

ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் மறுபடி வந்தான். இந்த முறை காத்திருக்காமல் அவசரமாக உள்ளே போனான், அவசரமாக அடித்தான். பந்து பிட்சர் கைக்கே உருண்டது. ஏழாவதிலும் அதேபோலத்தான். குனிஹிரோ-சான் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தலைவர் எழுந்து யாரோடோ பேசிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"உறைக்குது," என்றார் குனிஹிரோ-சான். "பாத்தியா, உறைக்குது."

"யாருக்கு?" என்றார் தெருயோ-சான்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தபோது எதிரணி நாலு, நாங்கள் இரண்டு. இரண்டு பேர் அவுட், மூன்றாவதோடு ஆட்டம் முடிந்துவிடும். இரண்டு பேர் பேஸில். ஒரு அடி வேலியைத் தாண்டினால் ஜெயித்துவிடலாம். மேனேஜர் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். மாற்ற ஆள் இல்லை. மட்டையோடு வந்தவன் இசோகாமி.

தெருயோ-சான் கைப்பட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வெள்ளைக் கையுறை வழுக்கியது. பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"என்ன பண்றே?" என்றார் குனிஹிரோ-சான்.

"தலைவி சொன்ன சொல்லைத் தலைவி மீறக்கூடாது. அதனால நான் இப்போ தலைவி இல்ல. டிக்கெட் வாங்கிட்டு வந்த ஒரு பொம்பளை." பட்டையை நீட்டினார். "வாங்கிக்குங்க."

"பைத்தியமா நீ? வாங்க மாட்டேன்."

"அப்போ கீழ போடுவேன்."

"நாகாயே! எல்லாரும் சேந்து கை தூக்கினோம். இப்போ நீ ஊதினா நாளையிலேருந்து இந்தப் படியில உனக்கு இடம் இல்ல. நான் சும்மா சொல்லலை."

"தெரியும்," என்றார் அவர். பட்டையை வேலிக் கம்பியில் தொங்கவிட்டார். குனிந்து பெட்டியைத் திறந்தார். எங்கள் பின்னால் யாரோ, "கொடிக்காரம்மா, அவங்களைப் பிடி!" என்றார்கள். நான் அசையவில்லை.

இசோகாமி கோட்டின் அருகே வந்துவிட்டான். நிற்கவில்லை. நடந்த வேகத்திலேயே உள்ளே காலை வைக்கப் போனான்.

முதல் சங்கு ஒலித்தது.

நாள் முழுக்க வாய்வைக்காத வாத்தியம். தொடக்கத்தில் குரல் பிசிறியது, பிறகு நீண்டது. அத்தனை அமைதிக்குள் ஒற்றைச் சத்தம். மைதானத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. இசோகாமியின் கால் காற்றிலேயே நின்றது. அவன் காலைப் பின்னால் எடுத்தான். தலைக்கவசத்தை அழுத்தினான்.

இரண்டாவது சங்கு. இடது கால் உள்ளே போனது.

மேளம் சேரவில்லை. யாரும் பாடவில்லை. தெருயோ-சான் தனியாக ஊதினார். முதல் பந்தை அவன் விட்டான், இரண்டாவதையும் விட்டான். மூன்றாவதை அடித்தான். அந்தச் சத்தத்தை வைத்தே நல்ல அடி என்று தெரிந்தது. பந்து எழும்பி நேராக எங்களை நோக்கி வந்தது. படியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். குனிஹிரோ-சான் தன்னை அறியாமல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எதிரணியில் வலதுபக்கம் நின்ற ஆட்டக்காரன் பின்னாலேயே ஓடிவந்து வேலியில் முதுகு மோத, எங்கள் காலடிக்கு நேர் கீழே எம்பிப் பந்தைப் பிடித்தான்.

ஆட்டம் முடிந்தது.

ட்ரம்பெட் மெட்டின் நடுவில் நின்றது. எதிர்ப்பக்கம் ஆரவாரம். எங்கள் பையன்கள் வழக்கப்படி எங்கள் முன்னால் வரிசையாக வந்து நின்று தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்கள். இசோகாமி கடைசியில் நின்றான். எல்லாரும் நிமிர்ந்த பிறகும் அவன் நிமிரவில்லை.

குனிஹிரோ-சான் அவர்கள் போகும் வரை காத்திருந்தார். "ஒத்தையா உடைச்சிட்டே," என்றார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேன். திருப்தியா?"

"இல்ல."

"தோத்தாச்சு. இப்பவும் சொல்லு பாப்போம், அடுத்த வருஷம்னு. அடுத்த வருஷம் அவன் இங்க இருக்க மாட்டான்! அது உனக்கும் தெரியும்."

"தெரியும்," என்றார் தெருயோ-சான். உதடு வீங்கியிருந்தது. ட்ரம்பெட்டின் எச்சிலைக் கீழே வடித்தார். "இவன் ஊருக்குப் போவான். அங்க இவனை மாதிரி எடுபடாம நிக்கிற பசங்க இருப்பாங்க. உவாவுல போய் ஆடலாமா, எப்படி இருக்கும்னு இவங்கிட்டத்தான் கேப்பாங்க. சம்பளம் நல்லாருக்குன்னா சொல்ல முடியும்? ஜெயிப்பாங்கன்னு சொல்ல முடியுமா? இவன் சொல்றதுக்கு நம்மகிட்ட இருக்கிறது அந்தப் பாட்டு ஒண்ணுதான். நேத்து உங்க கடையில இதைத்தான் சொல்ல வந்தேன். வரலை."

குனிஹிரோ-சான் மேளத்தைத் துண்டோடு தூக்கிக்கொண்டு படியேறிப் போனார். பட்டை கம்பியிலேயே தொங்கியது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் மைதானத்தைப் பெருக்க வந்தவர் "இது யாரோடது?" என்று கேட்டார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பேருந்தில் நான் இருந்தேன். அன்றைக்கு யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. விஷயம் ஊர் முழுக்கப் போயிருந்தது. அவரைத் துரோகி என்றவர்களும் அந்த வண்டியில் இருந்தார்கள், வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார்கள். தெருயோ-சானும் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

கடைத்தெரு நிறுத்தத்தில் குனிஹிரோ-சான் ஏறினார். குப்பத்துச் சாப்பாட்டுக்கடைக்கு வடை கொண்டுபோகும் பெட்டி கையில் இருந்தது. வழக்கமாகப் பின்னால் போய் உட்காருகிறவர் அன்றைக்கு ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று அவர் தலைக்கு மேல் எழுதியிருந்தது.

முதல் வளைவு போனது, இரண்டாவது போனது. சுரங்கப்பாதையைத் தாண்டிக் கடல் தெரிந்ததும் குனிஹிரோ-சான் விரலால் பெட்டியின் மூடியைத் தட்டத் தொடங்கினார். டும், நிறுத்தம், டும். பிறகு இசோகாமியின் மெட்டு.

தெருயோ-சானின் தலை அசையவில்லை. வெள்ளைக் கையுறை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் வண்டி முழுதாக நின்று, கை பிரேக் போட்ட பிறகு அவர் சொன்னார், திரும்பாமலே: "ரெண்டாவது வரியில மேளம் முந்துது."

"ட்ரம்பெட்தான் இழுக்குது," என்றார் குனிஹிரோ-சான். "நேத்து ரொம்ப இழுத்துது. அவன் பந்தை ரெண்டடி குறைச்சு அடிச்சதுக்கு அதுதான் காரணம்."

"மேளம் இருந்திருந்தா இழுத்திருக்காது."

"வாயைப் பாரு!" என்றார் அவர். "வண்டியை எடும்மா. வடை ஆறுது."

என் பையில் அந்தப் பட்டை இருந்தது. அதை இறங்கும்போது யாரிடம் கொடுப்பது என்று நான் இருவர் முகத்தையும் பார்த்தேன். குனிஹிரோ-சான் கை நீட்டவில்லை, தெருயோ-சானும் நீட்டவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதை மேளத்தின் கயிற்றில் கட்டிவைத்தோம். அந்தப் பருவம் முடியும் வரை எங்கள் குழுவுக்குத் தலைவர் இல்லை. ஆனால் அன்றைக்கு மலை தாண்டி வந்தவர்களின் ஊருக்கு நாங்கள் போனபோது, ஆட்டத்துக்கு முன் அவர்கள் அணியை, பழைய பாக்கியையும் சேர்த்து, இரண்டு முறை வாழ்த்தினோம்.